வரப்புக்கு அடித்த மருந்து

மங்கையர்க்கரசி அக்காவின் படிவத்தில் பன்னிரண்டாவது கேள்விக்குத் தவறான பதிலை எழுதியது நான்தான். அவர் பொய் சொல்லவில்லை. நானும் அவர் சொன்னதைத்தான் எழுதினேன். அப்படியும் அது தவறாகிப் போனது. எப்படி என்று விளக்க வேண்டுமானால் முதலில் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நெடுங்காடு பஸ் நிறுத்தத்திலிருந்து வாய்க்கால் கரையோடு இருபது நிமிடம் நடந்தால் அவர் வீடு. வயது நாற்பத்தாறு. பதினாறு லிட்டர் டாங்கை முதுகில் மாட்டிக்கொண்டு நெல்வயலில் களைக்கொல்லி அடிப்பது அவர் தொழில். அந்தப் பக்கத்தில் இந்த வேலையைச் செய்யும் ஒரே பெண் அவர்தான். அவருடைய கணவர் செல்லக்கண்ணு திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜில் வேலை பார்க்கிறார். சனிக்கிழமை என்றால் கூட்டம் முடியும்வரை வீட்டுப் பக்கம் வர முடியாது. மகள் புனிதவதிக்கு என் வயது, பத்தொன்பது. பிளஸ் டூ முடித்துவிட்டு என்னைப் போலவே அடுத்து என்ன என்று தெரியாமல் இருந்தாள்.

அக்கா ஆரம்பத்தில் டாங்க் தூக்கியவர் அல்ல. பன்னிரண்டு வருடம் களை பறிக்கும் பெண்களுக்குத் தலைவியாக இருந்தவர். பதினாலு பேர் அவர் பின்னால் வரிசையாக வயலில் இறங்குவார்களாம். யார் வரிசையில் புல் விட்டுப்போயிருக்கிறது என்று கரையில் நின்றே சொல்லிவிடுவாராம். பிறகு ஆட்கள் நட்ட வயல்களெல்லாம் நேரடி விதைப்புக்கு மாறின. நேரடியாக விதைத்தால் நெல்லைவிடப் புல்தான் முந்திக்கொண்டு வரும். அதற்குக் களைக்கொல்லி வந்தது. பதினாலு பேர் மூன்று நாள் செய்த வேலையை ஒரு ஆள் ஒரு காலையில் முடித்தார். பெண்களைக் கூப்பிடுவது நின்றுபோனது. அவர்களில் பலர் நூறு நாள் வேலைக்குப் போனார்கள். சிலர் காரைக்கால் டவுனில் வீட்டு வேலைக்குப் போனார்கள். அக்கா மட்டும் ஒரு பழைய டாங்க் வாங்கினார்.

முதல் நாள் அவர் அதை மாட்டிக்கொண்டு வரப்பில் நடந்தபோது டீக்கடையில் ஒருவர் கேட்டாராம்: "பொம்பள டாங்க் தூக்குனா புல்லு பயப்படுமா?"

"ஒன்னயப் பாத்து அது இத்தன வருஷம் பயப்படல. என்னயப் பாத்தாவது பயப்படட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தாராம்.

இதை என்னிடம் சொன்னபோது அவரே சிரித்தார். அடிக்கும் முறையையும் சொன்னார். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று முந்தானை நுனியைத் தூக்கிப் பார்ப்பார். காற்றுக்கு முதுகைக் காட்டி நடப்பார். ஒரு மா நிலத்துக்கு நாலு டாங்க். கணவரின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, வாயில் இன்னொரு துண்டு. கையுறை ஒருமுறை போட்டுப் பார்த்தாராம். உள்ளே வியர்வை ஊறி வழுக்குகிறது என்று கழற்றிவிட்டார். மணலில் கலந்து வீசும் மருந்தை வெறுங்கையால்தான் பிசைவார். "சோறு பிசையிற மாதிரி பிசையணும். இல்லேன்னா ஒரு எடத்துல கூடிப்போயி நெல்லு கருகிடும்" என்றார்.

இரண்டு வருடமாக அவருக்கு உடம்பு சரியில்லை. பெரிய நோய் என்று எதையும் சொல்ல முடியாது. வாய்ப்புண் வந்தால் போகாது. பருவத்துக்கு இரண்டு மூன்று தடவை காய்ச்சல். போன வருடம் டாங்கின் கம்பி கீறிக் கணுக்காலில் ஒரு சின்னக் காயம். அது ஆற இரண்டு மாதம் ஆனது. சர்க்கரை இருக்குமோ என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தார்கள். இல்லை. சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

செல்லக்கண்ணு அண்ணன் அதைப் பற்றிப் பேசினால் இப்படித்தான் பேசுவார்: "ஊர்ல உள்ள சனியனையெல்லாம் திருநள்ளாத்துல வந்து கழட்டிட்டுப் போறாங்க. நம்ம வூட்டுது மட்டும் எறங்க மாட்டேன்னு கால்ல ஒக்காந்துருக்கு."

அக்காவுக்குச் சந்தேகம் மருந்தின் மேல்தான். ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒரு தொழிலை விட முடியாதல்லவா.

சேக் அலாவுதீன் சார் வந்தது அப்போதுதான். அவர் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். களைக்கொல்லி அடிப்பவர்களின் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களைப் பற்றிய ஆய்வு அவருடையது. எங்கள் வீட்டுக்கு அவர் தூரத்து உறவு. என் வாப்பா கத்தாரிலிருந்து போன் செய்து, "சும்மா கெடக்குற புள்ள, கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லியிருந்தார். படிவம் நிரப்பும் வேலை எனக்குக் கிடைத்தது.

நான் புரிந்துகொண்ட அளவில் விஷயம் இதுதான். வெள்ளை அணுக்களில் ஒரு வகை, கிருமி புகுந்த அணுக்களையும் கெட்டுப்போன அணுக்களையும் கண்டுபிடித்துக் கொல்கிறது. மனிதரிடமிருந்து எடுத்த அந்த வகை அணுக்களைக் கண்ணாடித் தட்டில் வைத்து, சாதாரணமாகக் கடையில் விற்கும் சில களைக்கொல்லிகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். சில ஆய்வுகளில் அந்த அணுக்கள் மந்தமாகின, குறைந்தன. சில ஆய்வுகளில், குறைந்த அளவு சேர்த்தபோது ஒன்றும் ஆகவில்லை. "தட்டுல நடக்குறது வேற, ஒடம்புல நடக்குறது வேற. அதான் ஆளுங்ககிட்டயே பாக்கணும்" என்றார் சார்.

அதனால் இருபது பேரிடம் இரண்டு தடவை ரத்தம் எடுப்பது என்று திட்டம். பல மாதம் மருந்தைத் தொடாமல் இருந்தபிறகு, பருவம் தொடங்கும் முன் ஒரு தடவை. மருந்து அடித்து ஐந்தாம் நாள் ஒரு தடவை. இரண்டையும் ஒப்பிட்டால் அந்த ஆளின் உடம்பில் என்ன மாறியது என்று தெரியும். ஆகவே முதல் ரத்தம் மருந்து படாத நாட்களின் ரத்தமாக இருக்க வேண்டும். மற்ற எல்லாமே அதன் மேல்தான் நிற்கிறது.

ஆகஸ்ட் எட்டாம் தேதி காலை. ஆடி இன்னும் முடியவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை, இன்னும் ஒரு வாரத்தில் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூட வராந்தாவில் ரத்தம் எடுத்தோம். மங்கையர்க்கரசி அக்காவின் படிவ எண் பதினேழு.

பன்னிரண்டாவது கேள்வி: "கடைசியாகக் களைக்கொல்லி தெளித்த தேதி." அச்சடித்ததை அப்படியே படித்தால் பாதிப் பேர் முழித்தார்கள். அதனால் நான் பேச்சு வழக்கில் கேட்டேன்.

"கடைசியா எப்பக்கா மருந்தடிக்க வேலைக்குப் போனீங்க?"

"தையில போனது பாப்பா. அதுக்கப்புறம் யாரு கூப்புடுறா."

'ஜனவரி' என்று எழுதினேன். மற்ற பத்தொன்பது பேரிடமும் அப்படியே கேட்டேன். எல்லோரும் தை, மாசி என்றுதான் சொன்னார்கள்.

ஊசி போடும்போது அக்கா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஊதா மூடிக் குப்பியை நான் ஐஸ் பெட்டியில் வைத்தபோது சாரிடம் கேட்டார்: "இதுல எனக்கு ஒரு பதில் வருமா தம்பி?"

"ஒரு அளவுக்கு வரும்க்கா."

"கெடுதல்னு வந்துச்சுன்னா அன்னைக்கே டாங்க எறக்கி வச்சிடுறேன். மாடு வாங்கி மேச்சுக்கிறேன். ஒண்ணுமில்லன்னு வந்தா புனிதாவயும் கூட்டிக்குவேன். ஒத்த ஆளா என்னால முடியல. அவளும் எத்தன நாளைக்கு போனையே பாத்துக்கிட்டு ஒக்காந்துருப்பா."

சார் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். அந்தச் சொல்லின் எடை அன்று எனக்குத் தெரியவில்லை.

தண்ணீர் வந்தது. விதைத்தார்கள். செப்டம்பர் நடுவில் எல்லோரும் மருந்து அடித்தார்கள். ஐந்தாம் நாள் மறுபடி ரத்தம் எடுத்தோம். அக்காவுக்கு அன்றும் வாயில் புண் இருந்தது. அக்டோபரில் முடிவுகள் வந்தன. சார் வீடு வீடாகப் போய்த் தாளைக் கொடுத்துச் சொன்னார். அக்காவிடமும் சொன்னார்.

"ரெண்டு ரத்தத்துக்கும் பெருசா வித்தியாசம் இல்லக்கா. ரெண்டும் எல்லைக்குள்ளதான் இருக்கு. கொஞ்சம் அடிப்பக்கமா இருக்கு, ஆனா ஆளுக்கு ஆள் அப்படி இருக்குறதுதான்."

அக்கா தாளை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். "அப்ப மருந்தால ஒண்ணுமில்ல."

"இந்த ஆய்வுல தெரிஞ்ச வரைக்கும்…" என்று சார் இழுத்தார். அக்கா அதற்குள் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்துவிட்டார். "ஏ புனிதா. நாளைக்கு அப்பாவோட இன்னொரு சட்டைய எடுத்துத் தச்சு வையி. தாளடிப் பருவத்துக்கு ரெண்டு பேரும் போறோம்."

அடுத்த வாரம் அவர் இரண்டாவது டாங்க் வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். பச்சை நிறம். பேட்டரியில் ஓடுவது.

சுகாதார நிலையத்தில் காட்ட முடிவுத் தாளின் நகல் வேண்டும் என்று அக்கா கேட்டிருந்தார். அதைக் கொடுக்க நவம்பர் முதல் வாரம் போனேன். வீட்டில் யாரும் இல்லை. ழில்பேர் ஐயாவின் வயலில் இருப்பார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ழில்பேர் ஐயா பிரான்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அந்த நாட்டுக் குடிமகன். வருடத்தில் சில வாரம் பாரிசில் மகள் வீட்டில் இருப்பார், மற்ற நாட்களில் இங்கே. ஊரில் அவரைப் பிரெஞ்சு மரியாதையோடு "முசே" என்றுதான் சொல்வார்கள். நான் போனபோது தொப்பி போட்டுக்கொண்டு மதகின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"மங்கையா? எதுத்த வயலுக்குப் போயிருக்கா. ஒக்காரு, வந்துடுவா" என்றார்.

அவருடைய வரப்புகள் பார்க்க விசித்திரமாக இருந்தன. மழை பெய்து ஊரெல்லாம் பச்சையாக இருக்க, அவர் வரப்பில் மட்டும் புல் இல்லை. அங்கங்கே பழுப்பு நிறத்தில் காய்ந்த வேர் மட்டும் தெரிந்தது.

"வரப்பு சுத்தமா இருக்கு சார்" என்றேன், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"எல்லாம் மங்கை வேலை. தண்ணி வர்றதுக்கு முந்தியே வரப்பு புல்லுக்கெல்லாம் மருந்து அடிச்சுக் குடுத்துடுவா. அதுக்குக் கூலி கெடையாது தெரியுமா? இங்க அப்படி ஒரு வழக்கம். யாரு வரப்ப சும்மா அடிச்சுக் குடுக்குறாங்களோ அவங்களத்தான் பருவத்துக்கு மொதல்ல கூப்புடணும். நான் மாத்தினா ஊரே என்னக் கேக்கும்."

கையில் இருந்த முடிவுத் தாளைப் பார்த்தேன்.

"இந்த வருஷம் எப்ப சார் அடிச்சாங்க?"

"ஆகஸ்ட் அஞ்சு."

"அவ்வளவு சரியா எப்படி சார் ஞாபகம்?"

"ஆறாந்தேதி எனக்கு பிளேன். பெட்டி கட்டிட்டு வந்து பாத்துட்டுப் போனேன். நாள் முழுக்க அடிச்சா. பத்துப் பதினஞ்சு டாங்க் இருக்கும். ஏன் கேக்குற?"

ஆகஸ்ட் எட்டில் நாங்கள் முதல் ரத்தம் எடுத்தோம். மூன்று நாள்தான் இடைவெளி. நான் எழுதியது ஜனவரி.

அக்கா வரும்வரை நான் காத்திருக்கவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு நடந்துகொண்டே சாருக்குப் போன் செய்தேன். ழில்பேர் ஐயா சொன்னதை அவரிடம் சொன்னேன்.

"ரிஃபானா, கேள்விய நீ எப்படிக் கேட்ட?"

சொன்னேன்.

"வேலைக்குப் போனீங்களான்னு கேட்டிருக்க. வரப்பு அவங்களுக்கு வேலை இல்ல. கூலி கெடையாது, அதனால சொல்லல. எனக்கும் இது தெரியாது. தெரிஞ்சிருக்கணும்." பிறகு, "மத்தவங்களும் அடிச்சிருப்பாங்க இல்ல?" என்றார்.

இரண்டு நாள் சைக்கிளில் அலைந்து மற்ற பத்தொன்பது பேரையும் கேட்டேன். அக்காவையும் சேர்த்து இருபது பேரில் பதின்மூன்று பேர் முதல் ரத்தம் எடுப்பதற்கு முந்தின வாரத்தில் யாராவது ஒருவருடைய வரப்புக்குச் சும்மா அடித்திருந்தார்கள். ஒருவரும் மறைக்கவில்லை. "ஆமா, அடிச்சோம். அதக் கேக்கலியே நீ" என்றார்கள்.

சார் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. தன் பேராசிரியரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டதாகவும், மருந்து தொடாத மாதத்தில் எல்லோரிடமும் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும் என்றும், அதற்கு வைகாசி ஆகும் என்றும் சொன்னார். "இப்ப நம்மகிட்ட இருக்குறது அடிச்சபொறகு எடுத்த ரெண்டு ரத்தம். அதுல வித்தியாசம் எப்படித் தெரியும்?" என்றார். அக்காவின் இரண்டு எண்களும் அடிப்பக்கமாக இருந்தது மருந்தாலா, அவர் உடம்பே அப்படியா என்று கேட்டேன். "தெரியாது. அதத்தான் அவங்ககிட்ட சொல்லணும்" என்றார். அவர் பஸ் ஏறி வர இரண்டு நாள் ஆகும். மறுநாள் காலை புனிதா முதல் முறையாக டாங்க் மாட்டப் போகிறாள் என்று அலைந்த வழியில் கேள்விப்பட்டிருந்தேன். அதனால் நான் போனேன்.

காலை ஆறரை மணி. அக்கா வாசலில் குந்தி மணலில் மருந்தைக் கொட்டிப் பிசைந்துகொண்டிருந்தார். பச்சை டாங்க் சுவரோரம் இருந்தது. புனிதா அப்பாவின் சட்டையைப் போட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அது அவளுக்கு முட்டிவரை வந்தது. செல்லக்கண்ணு அண்ணன் லாட்ஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வரிசையாகச் சொல்ல நினைத்தேன், முன்னும் பின்னுமாக வந்தது. அக்கா பிசைவதை நிறுத்தவில்லை.

"அப்ப கெடுதலா?"

"தெரியலக்கா."

"நல்லதா?"

"அதுவும் தெரியலக்கா. அன்னைக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னது தப்பு. அவ்வளவுதான் தெரியும்."

"தெரியாதுங்குறதுக்கா ரெண்டு தடவ ரத்தம் குடுத்தேன்? அத நான் குடுக்காமயே சொல்லிருப்பேனே."

செல்லக்கண்ணு அண்ணன் சைக்கிளைப் பிடித்தபடி, "பேங்க்ல போட்டிருந்தா வட்டியாவது வந்துருக்கும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை.

"என் தப்புதான்க்கா. நான் சரியா கேக்கல."

"ஒன் தப்பு என்ன இருக்கு. வரப்பு அடிச்சத நானே ஒரு நாளும் நெனச்சுப் பாத்ததில்ல. வாசல் கூட்டுற மாதிரி அது." மணலில் இருந்து கையை எடுத்து, அதைப் பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாக இருந்தது. "நான் ஒண்ணு கேக்குறேன், நேரா பதில் சொல்லு. ஒன் வூட்டுல ஒனக்கு ஒரு தங்கச்சி இருந்தா இந்த டாங்க மாட்டி அனுப்புவியா?"

சார் என்னிடம் ஒன்று சொல்லியிருந்தார்: நமக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லக்கூடாது. அதை நினைத்துக்கொண்டேதான் பதில் சொன்னேன்.

"மாட்டேன்க்கா."

"ஏன்?"

"தெரியாததாலதான்."

அக்கா எழுந்தார். புனிதாவிடம் போய்ச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். "எம்மா" என்றாள் அவள். "சும்மா இரு" என்றார். சட்டையை உருவித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒரு தொடாத ரத்தம் வேணும்ல ஒங்களுக்கு? இவ ரத்தத்த எடுத்துக்க. இவ ஒரு நாளும் அடிச்சதில்ல. என் வயித்துல பொறந்தவ, இதே சோறு, இதே தண்ணி. அத வச்சு என்னுத ஒப்பிட்டுப் பாருங்க. ஆனா ரெண்டாவது ரத்தம் இவகிட்ட கேக்கக்கூடாது. அது வராது."

மகளின் ரத்தம் தாயின் முதல் ரத்தமாக ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் மருந்தே படாத ஆட்களும் ஆய்வுக்கு வேண்டும் என்று சார் சொல்லியிருந்தார். பையில் வெற்றுப் படிவங்கள் இருந்தன. ஒன்றை எடுத்து எண் இருபத்தொன்று என்று எழுதினேன். பெயர், வயது, ஊர். பன்னிரண்டாவது கேள்விக்கு வந்தேன். இந்த முறை அவசரப்படவில்லை.

"புனிதா, கூலிக்கு மட்டும் கேக்கல. எதுக்காவது, யாருக்காவது, மருந்து ஒன் கையில பட்டிருக்கா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். "நான் அடிச்சதில்ல. டாங்க் கழுவுறது நான்தான். மூடில ஒட்டியிருக்கும், நகத்தால சொரண்டி எடுப்பேன். அம்மா சட்டைய தெனம் நான்தான் தொவைக்கிறேன். ஏழாங்கிளாஸ்லேருந்து."

செல்லக்கண்ணு அண்ணன் சைக்கிளின் ஸ்டாண்டைப் போட்டார். லாட்ஜுக்கு நேரமாகிவிட்டது, ஆனாலும் அவர் போகவில்லை.

அக்கா கொல்லைப் பக்கம் போனார். அங்கே புனிதா முந்தின நாள் ஊறவைத்த வாளியில் அவருடைய சட்டையும் வீட்டுத் துணிகளும் ஒன்றாகக் கிடந்தன. தன் சட்டையை மட்டும் எடுத்துப் பிழிந்து, தனியாக ஒரு உடைந்த பிளாஸ்டிக் கூடையில் போட்டார். மற்ற துணிகள் கிடந்த தண்ணீரை வாழைக்குப் போகும் வாய்க்காலில் கொட்டப் போனவர், நின்று யோசித்து, தெருப் பக்கம் தூக்கிக்கொண்டு போனார். அதை எங்கே கொட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

திரும்பி வந்து பழைய டாங்கை முதுகில் ஏற்றினார். ஒத்துக்கொண்ட வயல் ஒன்று காத்திருந்தது.

"என்னுத வைகாசியில எடு" என்றார். "அதுவரைக்கும் இத எப்படி விடுறதுன்னு பாக்குறேன். ஒரேயடியா விட முடியாது. அடுத்த ஆடியில யாரு வரப்புக்கும் போகல. மொதல்ல கூப்புடாட்டி போறாங்க." வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு நடந்தார். முந்தானையைத் தூக்கிக் காற்றைப் பார்த்தார்.

சுவரோரம் பச்சை டாங்க் அப்படியே இருந்தது. புனிதா சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள், வெகுநேரம்.

பன்னிரண்டாவது கேள்விக்கு நேராக ஒரு தேதி எழுதும் அளவுக்குத்தான் கட்டம் இருந்தது. நான் தாளைத் திருப்பி, டாங்க், மூடி, நகம், சட்டை, வாளி, ஏழாம் வகுப்பு என்று அவள் சொன்ன எல்லாவற்றையும் பின்பக்கத்தில் எழுதினேன்.